ஒரே செர்வரில் எட்டும் அஞ்சும்

உக்காருங்ண்ணா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. பேப்பர் ரெண்டையும் மேசை மேல வெய்யுங்க, கையிலயே புடிச்சிருந்தா வேர்வையில மை எறங்கிரும். முன்னாடி ரூம்ல இருக்கற அம்மிணி உங்களை எங்கிட்ட அனுப்பிச்சுதாக்கும். நல்ல புள்ளைங்க அது. பதில் தெரியாத கேள்வி எல்லாத்தையும் எங்கிட்ட அனுப்பிரும்.

பாத்துட்டேன், பாத்துட்டேன். நீங்க சொல்லவே வேண்டாம். பொண்ணு பேரு மதுரவல்லி, சித்திரை நட்சத்திரம். பையன் பெருந்துறை. போன வாரம் இங்க ஈரோட்டுக்கு வந்து, நம்ம ஆபீஸ்லயே எடுத்த பேப்பர்ல பத்துக்கு ஒம்பது பொருத்தம். ஊட்டுக்குப் போயி ஃபோன்ல பாத்தா பத்துக்கு ஆறு. அதே பொண்ணு, அதே பையன், அதே மையம். எது நிஜம்னு கேக்கறீங்க.

ரெண்டும் இங்கிருந்து வந்ததுதாங்ண்ணா. ரெண்டும் ஓடுது.

கோவிச்சுக்காதீங்க. இதே கேள்வியை எங்கூட்டுக்காரியும் கேட்டா. இதே பதிலைத்தான் அவகிட்டயும் சொன்னேன். அவ இப்ப கோயமுத்தூர்ல இருக்கறா.

தண்ணி குடிங்க. மணி மூணரைதான ஆகுது? நாலு மணிக்கு எனக்கு ஒரு சின்ன வேலை இருக்குது. ஒரு பட்டனைத் தட்டற வேலை. அதுக்கு இன்னும் நேரம் கெடக்குது, உங்களுதைப் பேசுவோம்.

என் பேரு சென்னியப்பன். இந்தத் திருமணத் தகவல் மையத்துல கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் பொறுப்பு. இருபது வருஷமா இதே மேசைதான். நாச்சிமுத்து ஐயாதான் முதலாளி, தெரியுமில்ல, வாசல்ல போட்டோ இருக்குதே அவரு. அவரு மொதல்ல பீரோ நிறைய நோட்டுப் போட்டு ஜாதகம் வெச்சிருந்தாரு. அப்பறம் சேலத்துல இருந்து ஒருத்தர் வந்து, ரெண்டு மாசம் இந்த ரூம்லயே உக்காந்து, வெப்சைட் எழுதிக் குடுத்தாரு. பத்துப் பொருத்தமும் தானா பாத்து, பேப்பர்ல அடிச்சுக் குடுக்கற மாதிரி. எழுதிட்டு அவரு கனடா போயிட்டாரு. அங்க யாரையோ லவ் மேரேஜ் பண்ணிட்டதாக் கேள்வி.

அவரு எழுதுனது பி.எச்.பி.ன்னு ஒரு பாஷைங்க. பயப்படாதீங்க, லேசுதான். இது இருந்தா இதைச் செய், இல்லைன்னா அதைச் செய்யின்னு வரிசையா எழுதி வெச்சிருவோம். செர்வர்ல ஒருத்தன் உக்காந்து அதைப் படிச்சுப் படிச்சு வேலை செய்வான். அந்தப் படிக்கற ஆளுக்குத்தான் வெர்ஷன்னு பேரு. சில வருஷத்துக்கு ஒருக்கா பழைய ஆளை ரிட்டையர் பண்ணிட்டுப் புது ஆளை அனுப்புவாங்க. நம்ம பழைய சைட்டைப் படிக்கறவன் அஞ்சாம் வெர்ஷன். இப்ப ஊரெல்லாம் இருக்கறவன் எட்டாம் வெர்ஷன்.

சரி, பழசை நிறுத்திட்டுப் புதுசுக்குப் போயிரலாமுங்கன்னு நான் ஐயாகிட்ட நாலு தடவை சொன்னேன். "அந்தப் புரோகிராம்ல நாலாயிரம் கல்யாணம் நடந்திருக்குது சென்னியப்பா. ராசியான புரோகிராம். அதுமேல கை வெக்காத"ன்னுட்டாரு. அப்பறம் ஊர்ல எல்லாருத்து கையிலயும் ஃபோன் வந்துருச்சு. ஃபோன்ல வராத மையம் என்ன மையம்னு வர்றவங்க கேக்க ஆரம்பிச்சாங்க. புதுசும் வேணும்னாரு ஐயா. சுபத்ரான்னு ஒரு புள்ளையை வேலைக்கு எடுத்து, எட்டாம் வெர்ஷன்ல புது சைட் எழுதச் சொன்னாரு. இங்க எடுக்கற பேப்பருக்குப் பழசும் இருக்கணும், ஃபோனுக்குப் புதுசும் இருக்கணும், ரெண்டும் ஒரே செர்வர்ல இருக்கணும்.

முடியுமான்னு கேட்டாரு. முடியுமுங்கன்னேன்.

பெருமைக்குச் சொல்லலைங்ண்ணா, ரெண்டே நாள்ல முடிச்சேன். செர்வர் வாசல்ல ஒருத்தன் நிப்பான். வர்றவங்க கேக்கற அட்ரஸைப் பாப்பான். பழைய பக்கம் கேட்டா அஞ்சுகிட்ட அனுப்புவான், புதுப் பக்கம் கேட்டா எட்டுகிட்ட அனுப்புவான். அஞ்சுக்கு எட்டு இருக்கறது தெரியாது. எட்டுக்கு அஞ்சு இருக்கறது தெரியாது. ஜாதகம் எல்லாம் போட்டு வெச்சிருக்கற இடம் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது. ஒரே ஊட்ல ரெண்டு அடுப்பு, அரிசி மூட்டை ஒண்ணு, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் ஒரு சத்தமில்ல. செர்வர் வாடகைக்குக் குடுத்தவங்களே ஃபோன் பண்ணி, எப்படிங்க ஓட்டறீங்கன்னு கேட்டாங்க. ரெண்டையும் பேச விடாம ஓட்டறேன்னேன்.

இந்த இடத்துலதான் நான் ஒரு தப்புப் பண்ணுனேன். தப்புன்னுகூடச் சொல்ல முடியாது. பொருத்தம் பாக்கற பகுதியைச் சுபத்ரா புதுசா எழுதறேன்னுது. எதுக்கும்மா, ஓடறதை எதுக்குத் திரும்ப எழுதறன்னு சொல்லி, பழசுல இருந்ததை அப்படியே காப்பி எடுத்துப் புதுசுல போட்டேன். எட்டாம் வெர்ஷன் பழைய எழுத்தைப் பாத்தா நூறு குத்தம் சொல்லுவான்னு பேரு. இவன் ஒண்ணுமே சொல்லலை. ஒரு எர்ரர் இல்ல. நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

குத்தம் சொல்லாதவனைத்தான் நம்பக்கூடாதுன்னு எனக்கு அன்னைக்குத் தெரியலைங்க.

உங்க பொண்ணு விஷயத்துக்குத்தான் வர்றேன். இதைச் சொன்னாத்தான் அது வெளங்கும். நம்ம மையத்துல ஒரு பழக்கம் உண்டு. இங்க சேந்து கல்யாணம் ஆனா, ஐயாவே மண்டபத்துக்கு வந்து, அந்தப் பொருத்தப் பேப்பரை லேமினேட் பண்ணி, மூலையில மஞ்சள் குங்குமம் வெச்சு, மாப்பிள்ளை பொண்ணு கையில குடுப்பாரு. ஈரோடு, பவானி, கோபின்னு எந்த ஊட்டுக்குப் போனாலும் பாருங்க, கல்யாண போட்டோவுக்குப் பக்கத்துல அது தொங்கும். ஏழுன்னா ஏழு, எட்டுன்னா எட்டு. எங்கூட்லயும் தொங்குச்சு. எங்களுது எட்டு.

எட்டுங்கறது லேசுப்பட்ட நம்பர் இல்லைங்ண்ணா. பத்தொன்பது வருஷம் குடும்பம் ஓட்டியிருக்கேன் அந்த எட்டை வெச்சு. புருஷன் பொண்டாட்டின்னா பேச்சு வரத்தான் செய்யும். வர்றப்ப எல்லாம் நான் சத்தம் போட்டதே இல்ல. கை நீட்டுனது இல்ல. செவுத்தைக் காட்டுவேன். "எட்டுப் பொருத்தம் கோகிலா. இதுக்கு மேல என்ன வேணும்?" அவ்வளவுதான். அவ பேச்சை நிறுத்திட்டு அடுப்படிக்குப் போயிருவா. எங்கூட்ல சண்டையே வந்ததில்லன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். சுபத்ராகிட்டக் கூட சொன்னேன். அது "அப்படிங்களாண்ணா"ன்னுது.

கோகிலவாணிங்க முழுப் பேரு. கணக்குல எம்.எஸ்சி., அதுக்கு மேல பி.எட். கல்யாணமாகி மூணாம் வருஷம் கோயமுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை வந்துச்சு. போகட்டுமான்னு கேட்டா. செவுத்தைக் காட்டுனேன். பெருசா ஒண்ணும் பேச்சு வரலை.

போன சித்திரையில ஐயா ஒரு யோசனை சொன்னாரு. நம்மகிட்டக் கல்யாணம் ஆனவங்களுக்கு எல்லாம் கல்யாண நாள் அன்னைக்குப் புது சைட்ல இருந்து ஒரு வாழ்த்து போகணும். புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும், ஃபோனுக்கே. சும்மா வாழ்த்துன்னா யாரு படிப்பா, அவங்க பொருத்தத்தையும் சேத்துப் போடுன்னாரு. செவுத்துல இருக்கறதை ஞாபகப்படுத்துன மாதிரி இருக்கும். நல்ல யோசனைதான். காலையில பத்து மணிக்குத் தானாப் போற மாதிரி நானே எழுதி வெச்சேன். அதே ஓடற புரோகிராம், அதே காப்பி.

மொதல் ரெண்டு வாரம் யாரும் ஒண்ணும் சொல்லலை. அப்பறம் பவானியில இருந்து ஒரு ஜோடி வந்துச்சு, செவுத்துல இருந்ததைக் கழட்டிக் கையிலயே எடுத்துட்டு வந்தாங்க. அதுல ஏழு, ஃபோன்ல நாலு. அம்மாபேட்டையில இருந்து ஒரு பெரியவர் ஃபோன் பண்ணுனாரு, அவருக்கும் நாலு. திட்டப் போறாருன்னு நெனச்சேன். "நாலா இருக்குது? நான் ரெண்டுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்"ன்னு வெச்சுட்டாரு. என்னடா இதுன்னு நான் பாத்துட்டிருக்கறப்பவே வைகாசி வந்துருச்சு. எங்க கல்யாண நாளு வைகாசி பன்னெண்டு.

எனக்கு ஞாபகமில்ல. செர்வருக்கு ஞாபகம் இருந்துச்சு.

பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்கு ஃபோன் வருது. "ஏனுங்க, கல்யாண நாள் வாழ்த்து வந்திருக்குது. உங்ககிட்ட இருந்துன்னு நெனச்சேன், மையத்துல இருந்தாக்கும்"ன்னா. ஆமான்னேன். "இதுல நமக்கு அஞ்சுன்னு போட்டிருக்குது"ன்னா. இருக்காதேன்னேன். "நான் செவுத்துக்கு முன்னாடிதான் நிக்கறேன். இங்க எட்டு, கையில அஞ்சு"ன்னா. அது வெர்ஷன் பிரச்சனை, பழசுல எட்டுதான் இருக்குதுன்னேன். "அப்ப எது நிஜம்?"னு கேட்டா. அப்பத்தான் சொன்னேன், ரெண்டும் ஓடுதுன்னு.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுச்சு. இருமலாக்கும்னு நெனச்சேன். சிரிச்சிருக்கறா.

அஞ்சாம் வெர்ஷன் எட்டுங்கறான், எட்டாம் வெர்ஷன் அஞ்சுங்கறான், எனக்குத் தலை சுத்திருச்சு. சுபத்ராவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அது பத்து நிமிஷம் பாத்துட்டு, "அண்ணா, அண்ணியோட பிறந்த நேரம் எங்க?"ன்னுது. அந்தக் கட்டத்துல சைபர் இருந்துச்சு.

இங்க கொஞ்சம் கவனிங்க, உங்க பொண்ணுக்கும் இதேதான். சித்திரை நட்சத்திரம்னா பாதி கன்னி ராசி, பாதி துலாம் ராசி. எந்தப் பாதின்னு சொல்லணும்னா பிறந்த நேரம் வேணும். கோகிலாவுக்கு மிருகசீரிடம். பாதி ரிஷபம், பாதி மிதுனம். நேரம் இல்லைன்னா ராசி தெரியாது. ராசி தெரியலைன்னா, பத்துப் பொருத்தத்துல மூணு, அதாவது ராசிப் பொருத்தம், ராசி அதிபதி, வசியம், இந்த மூணையும் பாக்க முடியாது. ராசி தெரியாத எடத்துல நம்ம புரோகிராம் ஒரு சைபரைப் போட்டுட்டு, அதைப் பொருந்தற ராசிப் பேரோட ஒப்பிட்டுப் பாக்கும்.

"பழைய வெர்ஷன்ல சைபரையும் ஒரு எழுத்தையும் பக்கத்துல வெச்சு, ரெண்டும் ஒண்ணான்னு கேட்டா ஆமான்னு சொல்லும்ணா. எந்த எழுத்தா இருந்தாலும் ஆமாதான். புது வெர்ஷன் இல்லைன்னு சொல்லும்"னுது சுபத்ரா.

"அப்ப பழசு என்ன பண்ணியிருக்குது?"

"தெரியாததை எல்லாம் பொருந்தும்னு சொல்லியிருக்குது."

"புதுசு?"

"தெரியாததை எல்லாம் பொருந்தாதுன்னு சொல்லுது."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற வெர்ஷன் எதும்மா?"

"அதை நாமதாண்ணா எழுதணும்"னுது.

வயசு இருபத்தி நாலுதான். நல்ல புள்ளை.

இப்பப் புரியுதுங்களா? உங்க பொண்ணுக்கு ஒம்பதுன்னும் சொல்ல முடியாது, ஆறுன்னும் சொல்ல முடியாது. நேரம் போட்டா ரெண்டு வெர்ஷனும் ஒரே நம்பரைச் சொல்லும். ஃபாரத்துல நேரத்தை விட்டுட்டீங்க. தரகர் எழுதுனதா? அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியலையே. பொண்ணைப் பெத்தவங்களுக்குத் தெரியும்ங்ண்ணா. ஊட்ல இருக்கறாங்கள்ல? அவங்ககிட்ட யாராச்சும் கேட்டீங்களா?

இல்லைங்களா. பரவால்ல. நானும் கேக்கலை.

அதைச் சொல்லிர்றேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஃபாரமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனது நாந்தான். கோகிலாவோட ஃபாரமும் நான் ஏத்துனதுதான். அவங்கப்பா நல்ல கையெழுத்துல எழுதியிருந்தாரு. பிறந்த நேரம்ங்கற கட்டத்துல "அம்மாவைக் கேட்டுச் சொல்கிறோம்"னு எழுதியிருந்தாரு. அந்தக் கட்டத்துல நம்பர்தான் ஏறும், எழுத்து ஏறாது. அவங்க ஊட்டுக்கு ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கணும். மத்தவங்களுக்கு எல்லாம் பண்ணியிருக்கேன். அன்னைக்குப் பண்ணலை. ஃபாரத்துல குத்தியிருந்த போட்டோவைப் பாத்துட்டிருந்தேன். அதுதான் நிஜம். கண்ணு போட்டோ மேல, கை சைபர் மேல. சைபரைத் தட்டிட்டு அடுத்த வேலையா என் ஜாதகத்தையும் அதையும் சேத்து ஓட்டிப் பாத்தேன். எட்டுன்னு வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. ஐயாகிட்ட ஓடிப் போய்க் காட்டுனேன். "எட்டா, போ, பேசி முடி"ன்னாரு.

அந்த எட்டுல மூணு நான் தட்டுன சைபர்.

அந்த வாழ்த்து வந்த அன்னைக்குச் சாயங்காலம் ஊட்டுக்குப் போனேன். செவுத்துல அந்தப் பேப்பர் இருந்த எடம் மட்டும் வெள்ளையாச் சதுரமா இருந்துச்சு. எங்க கோகிலான்னேன். தண்ணிக் குடத்தைக் காட்டுனா. குடத்துக்கு மூடியாப் போட்டிருக்கறா. லேமினேட் பண்ணதால நனையறதில்ல. நான் சைபர், எழுத்து, வெர்ஷன் எல்லாம் வெளக்கிச் சொன்னேன். அவ கணக்கு படிச்சவ, சட்டுனு புடிச்சுட்டா. கோவப்படுவான்னு நெனச்சேன். உக்காருங்கன்னா. உக்காந்தேன். அப்பச் சொன்னா:

"எட்டுன்னு இருந்தவரைக்கும் என்னால ஒண்ணுமே சொல்ல முடியலைங்க. சொன்னா நாந்தான் பொருந்தாதவ மாதிரி இருக்கும். இப்ப அஞ்சுதானே. மிச்சம் அஞ்சைப் பத்திப் பேசலாமில்ல?"

சரி பேசுன்னு ஒரு பேப்பர் எடுத்துக் குறிச்சுக்கிட்டேன். வேலையில அப்படித்தான், வர்ற குறை எல்லாத்தையும் நம்பர் போட்டு எழுதி, ஒண்ணு ஒண்ணா முடிப்பேன். மொதல்ல அவ சொன்னது, பேசறப்ப ஃபோனைப் பாக்கக்கூடாது. குறிச்சேன். ரெண்டாவது, அவ தங்கச்சி ஊட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நான் செர்வர் செர்வர்னு சொல்லி வராமப் போனது. அது பன்னெண்டு வருஷம் ஆச்சு, நான் மறந்தே போயிட்டேன், அவ அன்னைக்கு என்ன சேலை கட்டியிருந்தான்னு வரைக்கும் சொல்றா. மூணாவது எனக்குச் சரியாக் கேக்கலைங்க, செர்வர்ல இருந்து ஒரு அலர்ட் வந்துருச்சு. நாலாவது அந்தக் கோயமுத்தூர் வேலை. அஞ்சாவது கேட்டதுக்கு, அதை அப்பறம் சொல்றேன்னுட்டா.

ஆனியில எங்க பையன் இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல சேந்தான். அடுத்த வாரம் இவ பெட்டியை எடுத்துட்டா. அதே கோயமுத்தூர்ல இன்னொரு பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர், ஹாஸ்டல் வார்டனும் அவதான். என்ன கோகிலான்னேன். "சண்டை இல்லைங்க. நாலாவதை நானே முடிச்சுக்கறேன்"னா. என் பேப்பர்ல நாலாவதை அடிச்சுட்டேன். பஸ் ஏத்திவிட்டுட்டு வந்தேன். ஊட்ல சத்தமே இல்ல. முன்னாடியும் சத்தம் இல்லைன்னுதான் சொல்லிட்டிருந்தேன், ஆனா இது வேறங்ண்ணா. சோத்தை வடிச்சு வெச்சுட்டு யாருக்குப் போடறதுன்னு நிக்கறேன். பத்தொன்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு தவிப்பு வந்ததே இல்ல.

அப்ப நான் என்ன பண்ணுவேன்னா, காலையில எந்திரிச்சதும் பழைய சைட்டைத் தெறப்பேன். என் பதிவு நம்பர், அவ பதிவு நம்பர், பொருத்தம் பாருங்கற பட்டன். எட்டுன்னு வரும். பாத்துட்டுப் பல்லு வெளக்கப் போவேன். சும்மா ஒரு ஆறுதலுக்கு.

இதுக்கு நடுவுல செர்வர்காரங்க கடுதாசி மேல கடுதாசி. அஞ்சாம் வெர்ஷன் இனி பாதுகாப்பு இல்ல, மாசக் கடைசிக்குள்ள எடுத்துருங்கன்னு. இந்தத் தடவை ஐயாவும் சரின்னுட்டாரு, பவானி ஜோடி அவரு ஊட்டுக்கே போயிட்டாங்க. யாராச்சும் இன்னும் பழசைப் பாக்கறாங்களான்னு பாத்துட்டு எடுத்துரு சென்னியப்பான்னாரு. பாத்தேன். யாரு வந்தாங்க, எங்கிருந்து வந்தாங்கன்னு செர்வர் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கும். மாசம் பூரா ரெண்டே எடம். ஒண்ணு, முன்னாடி ரூம்ல பேப்பர் எடுக்கற கம்ப்யூட்டர். இன்னொண்ணு எங்கூடு.

பதினோரு நாளைக்கு முன்னாடி அவளுக்கு ஃபோன் பண்ணுனேன். நீ எத்தனை மணிக்குப் பொறந்தன்னு கேட்டேன். "காலையில ஆறே முக்கால். அடைமழையாம். எங்கம்மா சொல்லும்"னா. "இதைக் கேக்க இத்தனை வருஷம் ஆச்சா உங்களுக்கு"ன்னா. எழுதிக்கிட்டேன். இதா, பாக்கெட்லயேதான் இருக்குது அந்தச் சீட்டு. இதைப் போட்டுட்டா ரெண்டு வெர்ஷன்லயும் ஒரே நம்பர் வந்துரும் கோகிலா, குழப்பமே இருக்காதுன்னேன்.

"போட வேண்டாம்"னா.

ஏன்னேன்.

"ஏழு வந்தா அதைச் செவுத்துல மாட்டுவீங்க. அஞ்சு வந்தா அதை நெனச்சுட்டே உக்காந்திருப்பீங்க. எனக்கு நம்பரே வேண்டாம். அஞ்சாவது கேட்டீங்கல்ல, இப்பச் சொல்றேன். அந்தப் பழசை அணைங்க. அது அங்க ஓடிட்டிருக்கற வரைக்கும் நீங்க அதுகிட்டத்தான் கேப்பீங்க, எங்கிட்டக் கேக்க மாட்டீங்க. காப்பி எடுத்து வெக்கக்கூடாது. அணைச்சுட்டுச் சொல்லுங்க, நான் சனிக்கிழமை வர்றேன். வந்து, வாராவாரம் வர்றதா வேண்டாமான்னு பேசுவோம்."

அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு ஆச்சரியம். தெனம் பாக்கறேன்னு நான் சொல்லவே இல்லைங்க.

போன சனிக்கிழமை போயிருச்சு. அன்னைக்கு வேற ஒரு வேலை வந்துருச்சுன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு அணைச்சுட்டுக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கேன். அஞ்சு மணிக்குள்ள ஹாஸ்டல்ல லீவு எழுதிக் குடுத்தாத்தான் நாளைக்கு அவளால கெளம்ப முடியும். இந்த வாரமும் இல்லைன்னா இனி கேக்க மாட்டேன்னு சொல்லிட்டா. அவ சொன்னாச் சொன்னதுதான்.

மணி என்னங்ண்ணா?

நாலரையா. பாருங்க, பேச்சு சுவாரஸ்யத்துல தெரியலை. ஃபோனைக் கவுத்துப் போட்டு வெச்சிருந்தேன், உங்ககூடப் பேசறப்பப் பாக்கக்கூடாதுன்னு. மூணு தடவை கூப்பிட்டிருக்கறா.

இல்லைங்க, நீங்க ஒண்ணும் காரணம் இல்ல. நீங்க மூணே நிமிஷத்துல கேட்டு முடிச்சுட்டீங்க. மிச்சம் பூரா நாந்தான் பேசியிருக்கேன்.

இந்தாங்க, திரையை உங்க பக்கம் திருப்பறேன். இந்த ஒரு வரிதான். அஞ்சாம் வெர்ஷனை எடுத்துருன்னு எழுதியிருக்குது. பதினோரு நாளா எழுதியே வெச்சிருக்கேன், எண்டர் தட்டறது மட்டுந்தான் பாக்கி. எனக்குக் கை வரமாட்டேங்குதுங்ண்ணா. அவ வரணும், அவ ஊட்ல இருக்கணும், எனக்கு அது மட்டுந்தான் வேணும். ஆனா இதைத் தட்டிட்டா, அவ வராமப் போயிட்டான்னா, எங்கிட்ட ஒண்ணுமே இருக்காது. எட்டுக்கூட இருக்காது. நீங்க ஒரு தட்டு தட்டிருங்களேன். நீங்க வெளியாளு, உங்களுக்கு இதுல என்ன இருக்குது.

அந்தப் பெரிய பட்டன். ஆமா, அதுதான். தட்டுங்க.

என்னங்ண்ணா, கை அதுமேலயே நிக்குது.

ஓ. ஆமாங்க. உங்க பொண்ணோட ஒம்பதும் இதுக்குள்ளதான் இருக்குது. நேரத்தைக் கேட்டுப் போட்டா என்ன வருமோ. ஏழும் வரலாம், ஆறும் வரலாம், அதே ஒம்பதும் வரலாம். பையன் ஊட்ல ஒம்பதுன்னு சொல்லிட்டீங்களாக்கும்? அதான். புரியுதுங்க. நான் ஒண்ணும் தப்பா நெனக்கலை. பதினோரு நாளா நானும் இப்படித்தான் கையை வெச்சுட்டு உக்காந்திருக்கேன்.

சித்த இருங்க. அவதான்.

ம், சொல்லு கோகிலா.

ஒருத்தர் வந்திருந்தாரு, பேசிட்டிருந்தேன். பொண்ணு ஜாதகம்.

சாப்ட்டேன். ரசம்தான்.

ஆமா.

ஆமாங்கறேன்ல. அணைச்சாச்சு.

காப்பி எல்லாம் இல்ல.

சரி. லீவு எழுதிக் குடு. நாளைக்கு ஆறு மணி வண்டியா? நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன். டைம் கீப்பர் ரூம்கிட்ட நிக்கறேன், எறங்குனாத் தெரியும். ஃபோனை ஊட்லயே வெச்சுட்டு வர்றேன்.

ம். வெய்யி.

அழுவறாளா சிரிக்கறாளான்னு தெரியலைங்க. வந்தப்பறம் கேக்கணும்.

இருபது வருஷ வேலையில, முடிக்காத ஒண்ணை முடிஞ்சுதுன்னு நான் சொன்னது இதுதான் மொதல் தடவைங்ண்ணா. சொல்லிட்டேன், இனி தட்டித்தான ஆகணும். நீங்க ஊட்டுக்கு ஒரு ஃபோன் போட்டு, பொண்ணு எத்தனை மணிக்குப் பொறந்துச்சுன்னு அவங்கம்மாகிட்டக் கேளுங்க. அதுக்கு முன்னாடி, பட்டன் மேல இருந்து கையைக் கொஞ்சம் அக்கட்ட எடுங்க.